22 மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பதினைந்து வயது, பல்லுக்குக் கம்பி போட்டு எட்டு மாதமாகிறது. வந்ததும் வராததுமாக சேர்ட் பொக்கெட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே குட்டி குட்டியாக ரப்பர் வளையங்கள், மொத்தம் நூறு இருக்கும். "அக்கா, டாக்டர் மாட்டிக் காட்டுனாங்க, வீட்டுக்கு வந்தா மறந்துருச்சு. இத ராத்திரிக்கு மட்டும் போட்டா போதுந்தானே?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் ஒரு வருடத்துக்கு முன் அதே கேள்வி எனக்கும் வந்தது, யாரிடமும் கேட்காமல் "போதும்" என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அதனால் எனக்கு நாலு மாதம் போனது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு மேல்வரிசைப் பற்கள் முன்னுக்குத் தூக்கலாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி அதை "மிதப்புப் பல்" என்பாள், எங்கள் வீட்டில் "தூக்குப் பல்". பெயர் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: வாயை மூடினால் உதடு சேராது, ஒரு பட்டிஸை முன்பல்லால் கடித்துத் துண்டாக்க முடியாது, பக்கவாட்டில் வைத்துத்தான் கடிக்க வேண்டும். இருபத்தாறு வயதில், சொந்தச் சம்பளத்தில், கம்பி போட்டுக்கொண்டேன். எட்டு மாதம் பற்கள் வரிசைக்கு வந்து, மெல்லிய கம்பி எல்லாம் போய், கடைசியாகத் தடித்த ஸ்டீல் கம்பி ஏறிய பிறகுதான் டாக்டர் லாஸ்டிக்கை, அதாவது இந்த ரப்பர் வளையங்களை, கையில் தந்தார். ஏன் முதல் நாளே தரவில்லை என்று அப்போது யோசித்தேன். மெல்லிய கம்பியில் லாஸ்டிக்கை மாட்டினால் பல் நேராக நகராமல் சாய்ந்துவிடும், அந்த இழுவையைத் தாங்க விறைப்பான கம்பி வேண்டும், அதனால்தான்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். எல்லோரும் பொதுவாக "ஓவர்பைட்" என்று சொல்வதில் இரண்டு வேறு அளவுகள் கலந்திருக்கின்றன. மேல்பல் கீழ்ப்பல்லை மேலிருந்து கீழாக எவ்வளவு மூடுகிறது என்பது ஒன்று, அதுதான் சரியாகப் பார்த்தால் ஓவர்பைட். மேல்பல் கீழ்ப்பல்லை விட எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்பது இன்னொன்று, அதற்குப் பெயர் ஓவர்ஜெட். இரண்டும் 2, 3 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரணம். எனக்கு ஓவர்ஜெட் 6. லாஸ்டிக் முக்கியமாகச் சரிசெய்வது இந்த இரண்டாவதைத்தான். முதலாவது, அதாவது ஆழம், பெரும்பாலும் கம்பியாலும் பல்லின் மேல் ஒட்டும் சின்ன சிமெந்து மேடுகளாலும் சரியாகிறது.

பிரச்சினை முன்பல்லில் தெரிந்தாலும் டாக்டர் முதலில் பார்ப்பது கடைவாய்ப் பல்லை. அமெரிக்கப் பல் வைத்தியர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த முறையைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்: மேலே உள்ள முதலாவது பெரிய கடைவாய்ப் பல்லின் முன்பக்க வெளிமுனை, கீழ்ப் பல்லின் வெளிப்பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். கீழ்வரிசை அதை விடப் பின்னுக்கு இருந்தால் இரண்டாம் வகுப்பு. எனக்கு அரைப் பல் அளவு பின்னுக்கு. ஆகவே மேல்வரிசை முழுவதும் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும், கீழ்வரிசை முழுவதும் கொஞ்சம் முன்னுக்கு வர வேண்டும். கம்பி ஒரு வரிசைக்குள் இருக்கும் பற்களை ஒழுங்குபடுத்தும், ஆனால் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் அதற்குப் பிடி கிடையாது. அந்தப் பிடியைத் தருவது இந்த வளையம்தான்.

மாட்டுவது கஷ்டமே இல்லை. மேலே வேட்டைப் பல்லில், அதாவது கூரான கோரைப் பல்லில், ஒட்டியிருக்கும் பிரேஸில் ஒரு குட்டிக் கொக்கி இருக்கும். வளையத்தின் ஒரு பக்கத்தை முதலில் அதில் மாட்ட வேண்டும். பிறகு வாயை அரைவாசி மட்டும் திறந்து, மறுபக்கத்தை ஆள்காட்டி விரலால் பின்னுக்கு இழுத்துக்கொண்டுபோய், கீழ்க் கடைவாய்ப் பல்லின் கொக்கியில் விட வேண்டும். நிறையப் பேர் வாயைப் பெரிதாகத் திறக்கிறார்கள், திறக்கத் திறக்கத் தூரம் கூடுகிறது, கன்னமும் இறுகுகிறது, விரல் உள்ளே போகாது. முதல் நாள் எனக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் எடுத்தது, இரண்டு வளையம் கண்ணாடியில் போய் அடித்தது. ஒரு வாரத்தில் புறக்கோட்டையில் பஸ் மாறுவதற்கு நிற்கும் நேரத்தில் கண்ணாடியே இல்லாமல் மாட்டப் பழகிவிட்டேன். விரலால் முடியாதவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

சரி, அந்த நாலு மாதத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. காலையிலிருந்து மாலை வரை போனில் தமிழிலும் சிங்களத்திலும் வாடிக்கையாளர்களோடு கதைக்கும் வேலை. லாஸ்டிக் போட்ட முதல் வாரம் நாக்கு தடித்த மாதிரி இருந்தது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. ஒரு நாள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் அறுந்து கன்னத்தின் உள்ளே சுள்ளென்று அடித்தது. அதிலிருந்து ஒபிசுக்குப் போகும்போது கழற்றிவிடத் தொடங்கினேன். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு மாட்டுவேன், காலையில் தேத்தண்ணி குடிக்கக் கழற்றுவேன். டாக்டர் ஒரு நாளைக்கு 22 மணி நேரம் என்று சொல்லியிருந்தார். சாப்பிடவும் பல் விளக்கவும் மட்டும்தான் இடைவெளி. நான் போட்டது ஒன்பது, மிஞ்சினால் பத்து மணி நேரம்.

மாதா மாதம் போகும்போது "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்பார். "ஓம்" என்பேன். பொய் என்று எனக்கு உறைக்கவில்லை, தினமும் போடுகிறேன்தானே என்ற நினைப்பு. நாலாவது மாதம் அவர் சின்ன ஸ்டீல் அளவுகோலை முன்பல்லில் வைத்துப் பார்த்தார், கார்டைப் புரட்டினார், திரும்பவும் அளந்தார். 5.5. நாலு மாதத்தில் அரை மில்லிமீட்டர். கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்து, "நேற்றுக் காலை எழும்பியதிலிருந்து இரவு படுக்கும் வரை எப்போது வாயில் இருந்தது என்று எனக்கு மணிப்படி சொல்லுங்கள்" என்றார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது.

அன்றைக்கு அவர் ஒரு துண்டுக் கடதாசியில் வரைந்து காட்டியதை எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் இதை யாராவது முதல் நாளே எனக்கு விளங்கும்படி சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில், கால் மில்லிமீட்டர் கூட முழுதாக வராத அகலத்தில், நார்நாராக ஒரு தசைநார்ப் படலம் இருக்கிறது. பல் அதில் தொங்குகிறது என்றே சொல்லலாம். லாஸ்டிக் பல்லை ஒரு பக்கம் இழுக்கும்போது அந்தப் பக்கத்துப் படலம் நசுங்குகிறது, எதிர்ப் பக்கம் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து கூடுகின்றன, இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள். முன்னால் கரைத்து, பின்னால் கட்டி, பல் தன் குழியோடு சேர்ந்தே இடம் மாறுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. ஆனால் அந்தச் செல்கள் இழுத்த உடனே வருவதில்லை, இழுவை பல மணி நேரம் விடாமல் இருந்தால்தான் வேலை தொடங்கும். இடையில் கழற்றினால் நசுங்கிய படலம் திரும்ப நிமிர்ந்துவிடும். நான் இரவில் தொடங்கிய வேலையைக் காலையில் நானே நிறுத்திக்கொண்டிருந்தேன்.

வலியும் இதனால்தான் விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விடாமல் போட்டால் இரண்டு மூன்று நாளில் பல் பழகிவிடும். விட்டு விட்டுப் போட்டால் ஒவ்வொரு இரவும் முதல் இரவு மாதிரிதான். தாங்க முடியாவிட்டால் பனடோல் போடலாம், வேறு வலி மாத்திரைகளில் சில பல் நகர்வதையே மெதுவாக்கும் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

அடுத்த நாளிலிருந்து ஒரு குட்டிக் கொப்பியில் கழற்றும் நேரத்தையும் மாட்டும் நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். ஒபிசில் மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், "கொஞ்ச நாளைக்கு என் உச்சரிப்பு ஒரு மாதிரி இருக்கும்" என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாடிக்கையாளர் ஒருவர் கூடக் கேட்கவில்லை. பத்து நாளில் ழகரம் லகரம் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. நாலு மாதமாக நான் பயந்தது பத்து நாள் விஷயத்துக்கு!

சாப்பாட்டு நேரத்தில் கழற்றினால் வளையத்தை டிஷூவில் வைக்க மாட்டேன், அப்படி வைத்து எறிந்தவை எத்தனையோ. பழைய குங்குமச் சிமிழ் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டேன், கைப்பையில் அதில் எப்போதும் பத்து வளையம் இருக்கும். காலையில் ஒரு சோடி, இரவு பல் விளக்கிய பிறகு புதுச் சோடி. ஒரு நாளைக்கு நாலு என்றால் நூறு உள்ள பாக்கெட் 25 நாளைக்கு வரும், முடிவதற்கு முன் கேட்டு வாங்கிவிட வேண்டும். அறாவிட்டாலும் ஏன் மாற்ற வேண்டும் என்று அம்மா கேட்பார். வாயின் ஈரத்திலும் சூட்டிலும் ரப்பர் சில மணி நேரத்திலேயே தன் இழுவையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. பார்க்க அதே வளையம்தான், இழுப்பது குறைவு.

பாக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வளையத்தின் உள் விட்டம், அங்குலத்தில்: என்னுடையது கால் அங்குலம். மற்றது இழுவை, அவுன்ஸில்: எனக்கு 4.5. அந்த இழுவை, வளையத்தை அதன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இழுத்தால் கிடைப்பது. சில கம்பனிகள் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மிருகத்தின் படத்தைப் போட்டு விற்கின்றன. படத்தை நினைவில் வைத்துக்கொண்டு வேறு கம்பனியின் பாக்கெட்டை வாங்காதீர்கள், எண்கள் இரண்டையும் பாருங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஒரே கொக்கியில் இரண்டு வளையம் மாட்டுவதும் கூடாது. இழுவை அளவுக்கு மிஞ்சினால் அந்தப் படலத்தில் இரத்த ஓட்டமே நின்றுபோகும், பல் நகர்வது வேகமாவதற்குப் பதிலாகத் தடைப்படும், வேரின் நுனி கரையவும் கூடும், கீழ் முன்பற்கள் தேவைக்கு மேல் முன்னுக்குச் சாயும்.

என் அம்மாயி மத்துகமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன் மலையேறி, மரத்தில் சாய்வாகக் கீறி, கீழே சிரட்டை வைத்துவிட்டு வருவார், வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரம்தான் வெட்ட வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. பிரேசிலிலிருந்து எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து கன்றுகளாக 1876இல் கம்பஹா ஹேனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்ததுதான் இந்த நாட்டு ரப்பரின் தொடக்கம். ஒரு நாள் அம்மா என் பாக்கெட்டைத் திறந்து மோந்து பார்த்தார். "ஒட்டுப்பால் வாசம் மாதிரி லேசா அடிக்குதுடி," என்றார். அம்மாயியின் கையிலும் உடுப்பிலும் எப்போதும் இருந்த வாசம் அது. மரத்துப் பாலில் செய்த வளையம் இழுத்தால் இழுபட்டு, விட்டால் பழையபடி திரும்பும், அதனால்தான் இன்றைக்கும் பல் வைத்தியத்தில் அதைப் பாவிக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு நான் வளையங்களைச் சும்மா தரையில் எறிவதில்லை. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தோல் தடிக்கிறவர்கள் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், மரப்பால் சேராத லாஸ்டிக்கும் இருக்கிறது.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. இடையில் ஒரு பிழை விட்டேன். தீபாவளிக்கு முறுக்குக் கடித்து வலது பக்க வேட்டைப் பல்லின் பிரேஸ் கழன்றுவிட்டது, கொக்கியும் அதோடு போனது. கிளினிக்குக்கு எடுத்துச் சொல்லாமல், ஒன்றும் போடாமல் இருப்பதை விட இடது பக்கமாவது போடலாம் என்று மூன்று வாரம் ஒரு பக்கத்தில் மட்டும் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடும் கீழ்க் கோடும் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. மூக்கு நேராக இருக்க, சிரிப்பு மட்டும் ஒரு பக்கம் போன மாதிரி. அதைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு மாதம் பிடித்தது. ஒரு பக்கம் கொக்கி போனால் உடனே போன் எடுங்கள், மற்றப் பக்கத்தைப் போடுவதா விடுவதா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

போன மாதம் டாக்டர் அளந்தார். 3. கண்ணாடியைக் கையில் தந்து, "கடித்துப் பாருங்கள்" என்றார். மேல்பல்லின் பின்புறத்தைக் கீழ்ப்பல் வந்து தொட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவை அந்த இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டன. வரும் வழியில் காலி வீதியில் ஒரு கடையில் பட்டிஸ் வாங்கி, நின்றபடியே, முன்பல்லால் மெதுவாகக் கடித்தேன். துண்டாக வந்தது.

எல்லோருக்கும் லாஸ்டிக் போதும் என்று நான் சொல்லவில்லை. வளரும் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்து பிடிக்கும் ட்வின் பிளாக் மாதிரி வேறு கருவிகள் உண்டு. என் வயதில் லாஸ்டிக் பல்லைத்தான் நகர்த்தும், தாடையை நீட்டாது. தாடையிலேயே பெரிய வித்தியாசம் இருந்தால் பல் பிடுங்கவோ சத்திரசிகிச்சை செய்யவோ வேண்டி வரலாம். அதை முடிவு செய்ய பல் சீரமைப்பில் தனியாகப் படித்த வைத்தியர் வேண்டும், சாதாரணப் பல் கிளினிக் போதாது. தனியாருக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு கொழும்பு வார்ட் பிளேஸ் அரச பல் வைத்தியசாலையிலும் அதற்கான பிரிவு இருக்கிறது.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவன் போனை நீட்டினான். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் சாதாரண ரப்பர் பாண்டைப் பல்லைச் சுற்றிப் போட்டால் மூடிவிடும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்களாம், அவன் வகுப்புப் பையன் ஒருவன் செய்து பார்க்கப் போகிறானாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பல் கீழிருந்து மேலே போகப் போகக் கூம்பிக்கொண்டே போகும், பிரேஸ் இல்லாத பல்லில் போட்ட வளையம் வழுக்கி முரசுக்குள் ஏறிவிடும், கண்ணுக்கும் தெரியாது. உள்ளே வேரைச் சுற்றி எலும்பு அரித்துக்கொண்டே போகும், கடைசியில் ஆரோக்கியமான பல்லே கழன்று விழும். அப்படிப் பல் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "இப்பவே அவனுக்கு எடு," என்றேன். என் முன்னாலேயே எடுத்தான், அந்தப் பையன் இன்னும் போடவில்லை. நான் போனை வாங்கி அவன் அம்மாவிடமும் கதைத்தேன். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து அவர்களிடமும் சொல்லுங்கள். கொக்கியில் மாட்டுவதற்குத்தான் இந்த வளையம்.

பிறகு அவனைக் குளியலறைக் கண்ணாடி முன் நிறுத்தினேன். மேலே மாட்டினான், கீழே நழுவியது, திரும்ப மாட்டினான். "வாயக் கொஞ்சம் மூடு, பல்ல லேசா கடி, இப்ப இழு." நாலாவது தடவை உட்கார்ந்தது. வலது பக்கம் இரண்டாவது தடவையிலேயே. கொப்பி ஒன்றையும் கொடுத்துவிட்டேன், அதில் முதல் வரியை அவனே எழுதினான்: ஞாயிறு, பின்னேரம் 4.40, மாட்டியது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மெசேஜ் வந்தது. "அக்கா தூக்கத்துல இடது பக்கம் அறுந்துருச்சு, ஒரு துண்ட முழுங்கிட்டேன்னு நினைக்கிறேன்."

"முழுங்குனா பயமில்ல, தானா வெளிய போயிரும். ரெண்டு பக்கமும் புதுசா மாட்டு," என்று போட்டேன்.